மஞ்சக்காணியில் ஒரு மணல்குழி

வீரையன் டீக்கடையில் வைத்து வாக்குக் கொடுத்துவிட்டான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

வீட்டில் கொடுத்த வாக்கு என்றால் ராத்திரிச் சோற்றோடு சேர்த்து முழுங்கிவிடலாம். இது கடைத்தெருவில் கொடுத்தது. நாலு பேர் வடை தின்றுகொண்டிருக்கும்போது, மேசையை ஓங்கிக் குத்தி, பக்கத்து வீட்டுப் பஞ்சநதத்தின் டீ அவர் வேட்டியிலேயே கொட்டும்படி கொடுத்தது.

"எம் பொண்டாட்டி நிலம்னா அது எம் நிலம்தான்யா! அங்க கோல்ஃப் மைதானம் வருது. வரலைன்னா நான் வீரையன் இல்ல!"

தரகனுக்கு நாக்குதான் கடை. வலங்கைமானைச் சுற்றி வீரையனைத் தெரியாத மாடு கிடையாது. மாடு குறைந்ததும் டிராக்டருக்கும் அறுப்பு மிஷினுக்கும் தரகு பார்க்க ஆரம்பித்தான். பல்லைப் பார்த்தவன் டயரைப் பார்த்தான், அவ்வளவுதான் வித்தியாசம். அவனைப் படிக்க வைத்தது பள்ளிக்கூடம் இல்லை, ஏமாற்றியவர்கள். முதல் பாடம் ஒரு காளை. வாலிபத்தில் ஒருவனிடம் போய் அவன் சொன்ன விலையில் பாதிக்குக் கேட்டான். அந்த ஆள் ஒரு வார்த்தை பேசாமல் கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டான். காளை குடமுருட்டி ஆற்றுப் பாலம் வரை ராஜா மாதிரி நடந்து வந்து, பாலத்தின் நடுவில் படுத்தது. பிறகு எழுந்திருக்கவே இல்லை.

அன்றிலிருந்து யார் எதைச் சொன்னாலும் வீரையன் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. டாக்டர் மூன்று வேளை மாத்திரை என்றால், "ரெண்டு வேளையா முடிச்சு விடுங்க சார்" என்பான்.

இந்தக் குணத்தால்தான் கொல்லையில் குளியலறை ரெண்டு வருஷமாக இடுப்பளவுச் சுவரோடு நின்றது. செங்கல் இருந்தது. சிமெண்ட் வாங்கலாம். மணல்தான் தகராறு. மணல்காரர் வந்து விலை சொல்வார். வீரையன் பாதி கேட்பான். மணல்காரர் அவனை ஒரு தடவை பார்ப்பார், வண்டியை ஒரு தடவை பார்ப்பார், வண்டியைத் திருப்பிவிடுவார். அமிர்தம் தென்னங்கீற்று மறைப்புக்குள் குளித்துக்கொண்டிருந்தாள். காற்றடிக்கிற நாளில் ஒரு கையால் கீற்றைப் பிடித்துக்கொண்டு மறுகையால் குளித்தாள்.

கோல்ஃப் யோசனையைக் கொண்டுவந்தவன் சகலை ராஜராஜன். அமிர்தத்தின் தங்கை புருஷன். துபாயில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல்லுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு ஊர் திரும்பியிருந்தான். வரும்போது எல்லாரும் கொண்டுவரும் போர்வை, தைலத்தோடு, யாரோ ஓர் அதிகாரி வேண்டாமென்று விட்டுப்போன மட்டைகள் நிறைந்த ஒரு பையையும் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அண்ணே, காலையில கோயில், சாயந்திரம் கோல்ஃப். வெளிநாட்டுக்காரன் இங்கயே கெடப்பான். சென்னையில ஒரு பார்ட்டி தயாரா இருக்கு. அண்ணியோட ஆறு மா ரோட்டோரமா இருக்கு. அதுல ஆரம்பிப்போம்."

அந்த ஆறு மா, அதாவது ரெண்டு ஏக்கர், அமிர்தத்தின் மஞ்சக்காணி. கல்யாணத்தில் அப்பன் வீட்டார் மகளுக்கென்று எழுதிக் கொடுத்த நன்செய். நாற்று விடுவது முதல் உளுந்து தெளிப்பது வரை அவள் ராஜ்ஜியம். அவள் கையெழுத்துப் போடாமல் அந்த வயலிலிருந்து ஒரு நண்டுகூட நகராது.

வீரையன் வீட்டுக்குள் நுழையும்போதே சண்டைக்குத் தயாராகத்தான் நுழைந்தான். துண்டை உதறினான். செருப்பை மூலைக்கொன்றாக வீசினான்.

"இந்தா பாரு அமிர்தம், நான் முடிவு பண்ணிட்டேன்!"

"டீக்கடையில பண்ணுனதுதானே? பஞ்சநதம் மாமா வேட்டியில டீக்கறையோட வந்து சொல்லிட்டுப் போனாரு. கை கழுவிட்டு வாங்க."

"நீ கத்துவேன்னு பார்த்தேன்."

"கத்தி என்ன ஆவப்போவுது? ஆட்டம்னா என்ன ஆட்டம்னு சொல்லுங்க. தெரிஞ்சுக்கிறேன்."

வீரையனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஓங்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தலையைச் சொறிந்தான்.

விளக்கிச் சொல்ல ராஜராஜன் வந்தான். வாசலில் சாக்பீஸால் கோடு போட்டான். இங்கிருந்து பந்தை அடிக்கணும். அந்தக் கோடியில் கிரீன் என்று வழவழப்பாக ஓர் இடம். அதில் குழி. குழிக்குள் பந்து விழணும்.

"குழியை வெட்டி வச்சுட்டாங்க. அப்புறம் எதுக்குத் தம்பி முன்னாடி மணலைக் கொட்டி வைக்கிறாங்க?"

"அது பங்கர் அண்ணி. அதுலதான் ஆட்டமே இருக்கு. பந்து அதுல விழணுங்கிறதுக்காக வைக்கிறதில்ல. விழுந்துடுமோன்னு ஆளு பயப்படணும். அந்தப் பயத்துக்குத்தான் மணல். தைரியமா மணலைத் தாண்டி அடிக்கிறவனுக்கு கிரீன் எதிர்ல ஏறி வந்து பந்தை ஏந்திக்கும். பயந்து சுத்திப் போறவனுக்கு வழி என்னமோ அகலமாத்தான் இருக்கும். ஆனா அந்தப் பக்கத்துலேருந்து வந்தா கிரீன் பந்தைத் தங்க விடாது, சரிச்சு விட்டுடும். மைதானம் போடுறவன் மூளையெல்லாம் மணலை எங்க வைக்கிறது, கிரீனை எந்தப் பக்கம் சாய்க்கிறதுங்கிறதுலதான்."

"சாய்க்கிறதுலயா?"

"ஆமாம் அண்ணி."

அமிர்தம் சாக்பீஸ் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த நேரம் வீரையன் என்ன செய்துகொண்டிருந்தான்? போனில், பழைய டிராக்டர் விற்கிற ஒருவனைத் திட்டிக்கொண்டிருந்தான். ஆட்டத்தின் ரகசியம் மொத்தமும் அவன் முதுகுக்குப் பின்னால் நடந்து முடிந்தது.

அவன் போனை வைத்ததும் அமிர்தம் சொன்னாள்: "என்னங்க, ஒரு பந்தயம். நம்ம வயல்ல மாதிரிக்கு ஒரு குழி நான் போடுறேன். நீங்க பந்தை உள்ள தள்ளிட்டா நான் கையெழுத்துப் போட்டுடறேன். தள்ளலைன்னா நிலத்துப் பேச்சை விட்டுடணும். சென்னைக்காரன்கிட்டயும் நீங்கதான் சொல்லணும்."

"எத்தனை தடவை அடிக்கலாம்?"

அமிர்தம் அவன் தோளிலிருந்த துண்டை உருவினாள். தன் வலக்கை மேல் போர்த்திக்கொண்டு நீட்டினாள்.

வீரையன் திகைத்துப்போனான். மாட்டுச் சந்தையில் விலை இப்படித்தான் பேசுவார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தால் எண்ணிக்கை, சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆயிரம் கைகளை அந்தத் துண்டுக்குள் பிடித்திருக்கிறான். பொண்டாட்டி கையைப் பிடித்ததில்லை.

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"இந்தத் துண்டைத் துவைக்கிறவ நான்தானே? கையை உள்ள விடுங்க."

விட்டான். அவள் மூன்று விரலைப் பிடித்தாள். அவன் சீறிக்கொண்டு கை முழுவதையும் பிடித்து, மேலே மூன்று விரலையும் சேர்த்துப் பிடித்தான். எட்டு. அவள் நகத்தால் ஒரு கிள்ளு கிள்ளினாள். சந்தையில் இல்லாத முறை அது. அவன் ஏழுக்கு இறங்கினான். அவள் நாலுக்கு ஏறினாள். கடைசியில் ஐந்தில் நின்றது. வீரையனுக்கு உள்ளூரப் பெருமை. மூன்றை ஐந்தாக்கிவிட்டான் பாருங்கள்! அவள் ஆரம்பத்திலிருந்தே ஐந்துக்குத் தயாராக இருந்தாள் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.

மேட்டூர் திறக்காத வைகாசி. வயல் காய்ந்து கட்டாந்தரையாகக் கிடந்தது. உளுந்து எடுத்த பிறகு கிடை போட்ட ஆடுகள் புல்லை ஒட்ட மேய்ந்திருந்தன. "துபாய்ல இதுக்கு மிஷின் வச்சிருக்கான் அண்ணி!" என்று ராஜராஜன் ஆட்டுக்கூட்டத்தைப் பார்த்துக் கண்கலங்கினான்.

கிரீனுக்கு அமிர்தம் காட்டிய இடம் வயலின் கிழக்குக் கோடியில், வாய்க்காலை ஒட்டி, அவர்கள் வீட்டுக் கொல்லைக்கு அடுத்தாற்போல் இருந்த களம். உளுந்து அடித்து, நெல் காயப்போடுகிற மண்களம். அதைச் செதுக்கி, சாணி கரைத்து மெழுகி, கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டாள்.

"இவ்வளவு வழவழன்னு போட்டிருக்காளே, லூசு! பந்து தானா ஓடிக் குழியில விழும்" என்று வீரையன் தனியாகச் சிரித்துக்கொண்டான். அவன் அந்தக் களத்தை நூறு தடவை பார்த்திருக்கிறான். எப்போது? நெல் குவிந்து கிடக்கும்போது, விலை சொல்ல. குவியலைப் பார்த்திருக்கிறானே தவிர வெறும் களத்தைப் பார்த்ததில்லை.

பங்கருக்கு மணல் வேண்டும் என்றாள் அமிர்தம். ராஜராஜன் பேரம் பேசாமல், ரசீதோடு ஒரு லோடு ஆற்றுமணல் இறக்கினான். மாதிரி மைதானச் செலவு. களத்துக்கு முன்னால், வலப்பக்கமாக, இடுப்பளவுக் குழி வெட்டி அதில் கொட்டினார்கள். இடப்பக்கம் முழுக்கத் திறந்து கிடந்தது. தேரையே திருப்பலாம்.

இந்தக் காலத்தில் ஒரு லோடு மணலை வெளியே போட்டு வைப்பது நகையைக் கொடியில் காயப்போடுவது மாதிரி. ஊரே கூடையோடு வந்தது. பஞ்சநதம், "அடுப்பு மேடைக்கு ஒரு ரெண்டு கூடை" என்றார். அமிர்தம் அசையவில்லை. "மாமா, இது பங்கர். இதுல கை வைக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு." மத்தியானங்களில் ஒரு சல்லடையோடு உட்கார்ந்து மணலைச் சலித்தாள்.

"ஏன் அண்ணி சலிக்கிறீங்க?"

"கல் இருந்தா பந்துக்கு உறுத்துமே தம்பி."

ராஜராஜன் நெஞ்சில் கைவைத்துக்கொண்டான். துபாயில்கூட இப்படி ஒரு மனுஷியைப் பார்த்ததில்லை என்றான்.

பந்தயத்துக்கு முதல் நாள் மத்தியானம், சாப்பாட்டில் உட்கார்ந்திருந்த வீரையனுக்குச் சென்னையிலிருந்து போன் வந்தது.

"சார், ஆறு மா சும்மா ஆரம்பம்தான். பக்கத்து நிலம் எல்லாமே வேணும். ஊர்க்காரங்க கையெழுத்தை நீங்கதான் வாங்கித் தரணும். உங்க வாக்குன்னா ஊர்ல கண்ணை மூடிக்கிட்டு நம்புவாங்களாமே?"

வீரையன் வழக்கம்போல, தன் தரகுக்கு மனசில் இருந்ததைப்போல் ரெண்டு மடங்கு கேட்டான். பாதிக்கு இறங்குவார்கள், அங்கே பிடிக்கலாம் என்று கணக்கு.

"சரி சார், தர்றோம்" என்றது போன்.

அவ்வளவுதான். பேரம் இல்லை. ஒரு முனகல்கூட இல்லை.

வீரையன் கண்ணுக்கு முன்னால் குடமுருட்டிப் பாலத்தில் ஒரு காளை மெதுவாகக் காலை மடக்கிப் படுத்தது. கேட்டதைத் தருகிறவன் தரவே போவதில்லை. நாளைக்கு ஊர் நிலமெல்லாம் போய், பார்ட்டியும் போய்விட்டால், வாக்குக் கொடுத்தவன் வாசலுக்குத்தான் எல்லாரும் வருவார்கள். முதலில் வருகிறவர் பஞ்சநதமாக இருப்பார். சாம்பார் சோற்றைத் தள்ளி வைத்தான். கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான்.

"என்னங்க, சோறு அப்படியே இருக்கு?"

"பசியில்ல."

"போன்ல யாரு?"

"பார்ட்டிதான். எல்லாம் நல்லாத்தான் போவுது." இழவு வீட்டிலிருந்து வந்தவன் குரலில் சொன்னான்.

பின்வாங்கலாமா? டீக்கடையில் மேசையைக் குத்திய கை இன்னும் அவனிடம்தானே இருக்கிறது! அந்தக் கையோடு நாளை எவன் முன்னால் துண்டை நீட்டுவான்?

மறுநாள் காலை ஊரே வரப்பில் கூடியது. பஞ்சநதம் குடையோடு நடுவராக வந்து நின்றார். ராஜராஜன் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு நின்றான். அமிர்தம் களத்தோரம் தார்ப்பாய் ஒன்றை விரித்துக்கொண்டிருந்தாள். மணல் வயலில் சிந்தாமல் இருக்கவாம்.

வீரையன் வேட்டியை மடித்துக் கட்டினான். மட்டையை ஓங்கினான். அடித்தான். ஏதோ ஒன்று பறந்தது. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். பறந்தது மண்கட்டி. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது.

"ஒண்ணு" என்றார் பஞ்சநதம்.

"எது ஒண்ணு? கட்டிக்கு அடிச்சதையெல்லாம் கணக்குல சேர்ப்பீங்களா?"

"ஓங்குனியா இல்லியா?"

"ஓங்குனேன். சரி, அரைன்னு வச்சுக்குங்க."

"கோல்ஃப்ல அரை கிடையாதுண்ணே" என்று ராஜராஜன் இடையில் புகுந்தான். அவனையும் நாலு வசவு வைதுவிட்டு வீரையன் இரண்டாவது அடி அடித்தான். கோபத்தில் அடித்த அடி. பந்து சீறிப்போய் வயலின் நடுவில் விழுந்தது. ஊர் கைதட்டியது.

இப்போது எதிரே களம். வலப்பக்கம் மணல்குழி. இடப்பக்கம் அகலமான வெட்டவெளி.

ராஜராஜன் காதருகே வந்தான். "அண்ணே, மணலைத் தாண்டித் தூக்குங்க. அந்தப் பக்கத்துலேருந்து போனாத்தான் களம் பந்தைத் தாங்கும்."

களத்தோரத்திலிருந்து அமிர்தமும் கத்தினாள். "மணலைத் தாண்டி அடிங்க! அதுதான் சரியான வழி! சுத்திப் போவாதீங்க!"

வீரையன் மட்டையைத் தரையில் ஊன்றிக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். சந்தையில் ரெண்டு பேர் சேர்ந்துகொண்டு ஒரே மாட்டைப் புகழ்ந்தால் என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியாதா? எதிராளியே வழி காட்டுகிறாள். யாரிடம் காட்டுகிறாள்!

"என்னை யாருன்னு நெனச்சே!" என்று சொல்லிவிட்டு இடப்பக்கம் திரும்பினான். பந்து சமர்த்தாக உருண்டு வெட்டவெளியில் போய் நின்றது. மூன்று. களத்துக்கும் பந்துக்கும் நடுவில் ஒரு புல்கூட இல்லை. அமிர்தம் முகத்தில் கவலை தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது.

நாலாவது அடி. குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரித் தட்டினான். பந்து களத்தில் ஏறியது. குழியை நோக்கிப் போயிற்று. நடுவில் ஏறியிருந்த மேட்டை அடைந்தது. கொஞ்சம் தயங்கியது. மேட்டைத் தாண்டியது. பிறகு வேகம் பிடித்தது. குழியின் ஓரத்தை உரசிக்கொண்டு, நில் நில் என்று வீரையன் கத்தக் கத்த, மெழுகிய சாணித்தரையில் வழுக்கிக்கொண்டு மறுபக்கம் இறங்கி மணலுக்குள் பொத்தென்று விழுந்தது.

ஊர் வாயைப் பொத்திக்கொண்டது.

"என்னய்யா களம் இது? கோணல்!"

"கோணல் இல்ல வீரையா" என்றார் பஞ்சநதம். "ஊர்ல எந்தக் களமும் இப்படித்தான். மழை பேஞ்சா உளுந்து நனையாம தண்ணி நாலு பக்கமும் வழியணும்ல? நடுவுல மேடு ஏத்தி, ஆமை முதுகாட்டம் போடுவாங்க. உன் வீட்டுக்காரி மேட்டுக்கு அந்தாண்ட, மணல் பக்கச் சரிவுல குழி வெட்டியிருக்கு. மணலைத் தாண்டி அடிச்சிருந்தா பந்து ஏத்தத்துல ஏறி நின்னிருக்கும்."

"நான்தான் கத்துனேனே" என்றாள் அமிர்தம்.

வீரையன் மணலுக்குள் குதித்தான். ஐந்தாவது அடி. மணல் எழும்பியது. பந்து எழும்பவில்லை.

"அஞ்சு. முடிஞ்சுபோச்சு" என்றார் பஞ்சநதம்.

முடிந்ததா? வீரையனா விடுவான்! பந்து அவனை அவமானப்படுத்திவிட்டது. ஆறு, ஏழு, எட்டு. யாரும் எண்ணவில்லை. பத்து அடிக்கு ஒருதரம் மட்டையை மாற்றினான். கடைசியில் மட்டையை எறிந்துவிட்டு, அங்கே தயாராக இருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டான். மண்வெட்டி அங்கே எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. மணல் மேகம் மேகமாகப் பறந்தது.

"கொஞ்சம் இந்தப் பக்கம் பார்த்து வீசுங்க" என்று அமிர்தம் தார்ப்பாயைக் காட்டினாள். கோபத்திலும் அவன் கை அந்தப் பக்கம் பார்த்தே வீசியது. குழி காலியானதும் அடியில் பந்து கிடந்தது. அதைக் கையால் எடுத்து வாய்க்காலில் எறிந்தான்.

பிறகு வரப்பில் உட்கார்ந்து, ஊர் கேட்கும்படி, சென்னைக்குப் போன் போட்டான்.

"சார், நிலம் கெடையாது. பந்தயத்துல தோத்துட்டேன். ஆமாம் சார், பந்தயம். என் வாக்கு போனாலும் போவட்டும், பந்தயம் பந்தயந்தான்... எங்க ஊரு ஆளுங்க கையெழுத்தும் கெடையாது. வைங்க சார்."

குரல் தழுதழுத்தது. பஞ்சநதம் தோளைத் தட்டிக்கொடுத்தார். "விடுப்பா, ஆட்டத்துல தோத்தா அவமானமா? வாக்கை மீறுனாத்தான். டீ நான் வாங்கித் தர்றேன்." ஊர் அனுதாபத்தோடு கலைந்தது. வீரையன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது.

அமிர்தம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து துண்டை விலக்கினாள். உள்ளே வீரையன் காது வரை சிரித்துக்கொண்டிருந்தான். படுத்த காளை எழுந்து, விற்றவன் வீட்டுக்கே திரும்பிப் போனதைப் பார்த்தவனின் சிரிப்பு.

"போதும், ஊர் பார்க்கப்போவுது" என்றாள்.

"எனக்கு இதுல விருப்பம் இல்லன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"சாம்பார் சோத்தை அப்படியே வச்சுட்டு எந்திரிச்சீங்களே, அப்பவே தெரியும். நேரா வேணாம்னு சொல்ற வாயா உங்க வாய்? யாராவது தோக்கடிச்சு விடணும். அந்த ஏற்பாடு முன்னாடியே தயாரா இருந்துது."

"அப்ப அந்த மணலைத் தாண்டி அடிங்கன்னு கத்துனது?"

"உங்ககிட்ட நெசத்தைச் சொன்னா எதிர்ப்பக்கம்தானே போவீங்க."

வீரையனுக்குக் கோபம் வரவேண்டிய இடம் இது. வரவில்லை. நெஞ்சிலிருந்து ஒரு நெல்மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. தண்ணீர் வந்ததும் இதே வயலில் நாற்று நிற்கும். பஞ்சநதம் டீ வாங்கித் தருவார். பசிகூட எடுத்தது. நேற்று வைத்த சாம்பார் இருக்குமா என்று கேட்க வாயைத் திறந்தான்.

அப்போது கொல்லைப்பக்கம் ஒரு சைக்கிள் வந்து நின்றது. கரண்டியும் ரசமட்டமும் கொண்ட கோணிப்பையோடு கொத்தனார் இறங்கினார். நேராகத் தார்ப்பாய்க்கு வந்து ஒரு கை மணலை அள்ளி விரலிடுக்கில் விட்டுப் பார்த்தார்.

"நல்லாச் சலிச்சிருக்கீங்கம்மா. கட்டுறது போக உள்பூச்சு, வெளிப்பூச்சு ரெண்டுக்கும் காணும்."

வீரையன் மணலைப் பார்த்தான். இடுப்பளவில் நின்ற குளியலறைச் சுவரைப் பார்த்தான். பக்கத்தில் கிடந்த மண்வெட்டியைப் பார்த்தான்.

"கொத்தனாரை எப்ப வரச்சொன்ன?"

"நாலு நாள் ஆச்சு."

"நாலு நாளா? ஏண்டி, ஆட்டமே இன்னிக்குத்தானேடி? நான் ஜெயிச்சிருந்தா?"

"ஜெயிச்சிருந்தா, கோல்ஃப் ஆட வர்ற வெள்ளைக்காரன் குளிக்க வேணாமா?" என்றாள் அமிர்தம். "அந்தக் குடத்தை எடுங்க. சாந்து குழைக்கணும்."

வீரையன் குடத்தை எடுத்தான். "அரைக் குடம் போதுமா?" என்று மட்டும் கேட்டுப் பார்த்தான்.